காலியாக விட்ட இரண்டாம் பக்கம்

அந்தச் சலவை நிலையத்துக்கு இரண்டு வாசல்கள். பின்வாசல் வழியாக அழுக்குத் துணி உள்ளே வரும். முன்வாசல் வழியாக வெளுத்த துணி வெளியே போகும். இடையில் பன்னிரண்டு சலவை இயந்திரங்களும், நான்கு உலர்த்திகளும், படுக்கை விரிப்புகளை ஒரே இழுப்பில் தேய்த்துத் தள்ளும் நீண்ட உருளை ஒன்றும் இருந்தன. பின்வாசலில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு பெண். மூன்று ஓட்டல்களிலிருந்தும் ஒரு மருத்துவமனையிலிருந்தும் வரும் மூட்டைகளை அவிழ்த்து, எண்ணி, எழுதி, உள்ளே அனுப்புவது அவள் வேலை. பதினோரு ஆண்டுகளாக அந்த மேசையை விட்டு அவள் நகரவில்லை. ஆகவே அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது. மற்ற எல்லாருக்கும் அவள் வாசலக்கா.

வாசலக்காவின் வேலைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. எது வந்தாலும் எழுத வேண்டும். கிழிந்த தலையணை உறை, சாயம் ஒட்டிய துவாலை, யாரோ ஒரு விருந்தாளி கட்டிலில் மறந்துவிட்டுப் போன ஒற்றைக் காலுறை, எதுவாயினும் சரி. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அவள் சொல்வது இதுதான்: "வந்துச்சா? எழுது. நல்லதா, கெட்டதா, யாரோடதுங்கறத உள்ள இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

முன்வாசலில் இருந்தவனுக்கு ரசீது என்று பெயர். தேநீர்க் கடையில் ஒரு கோப்பைத் தேநீருக்கும் ரசீது கேட்கும் சுபாவத்தால் வந்த பெயர் அது. வெளியே போகும் துணி, கிழிந்து கழிக்கப்பட்ட துணி, மறுசலவைக்குத் திரும்பிய துணி ஆகியவை எல்லாம் அவனுடைய நோட்டில் ஏறும். வாசலக்கா அவன் நோட்டைத் திறந்து பார்த்ததில்லை. அவனும் அவளுடையதைத் தொட்டதில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வாரத்தில் நான்கு நாள் சண்டை.

"இருநூத்தி அறுபது வந்துச்சு. எண்ணித்தான் எழுதினேன்."

"நான் மட்டும் என்ன, கண்ண மூடிக்கிட்டா எழுதறேன்? இருநூத்தி அம்பத்தொண்ணுதான் போச்சு."

"மீதிய தின்னுட்டியா?"

"ஆமா, உப்புப் போட்டு."

உருளையருகே நிற்கும் பெண்கள் இதைக் கேட்பதற்காகவே இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார்கள்.

வாசலக்காவின் கணவன் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றை வைத்திருந்தான். சொந்த வண்டி. பதினான்கு ஆண்டுகள் ஓட்டியதில் வண்டி நன்றாக இருந்தது, முதுகுதான் போய்விட்டது. ஒரு நாள் காலையில் இருக்கையிலிருந்து இறங்க முடியாமல், குழந்தைகள் எல்லாரும் பள்ளிக்குள் போன பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அறுவை செய்தாக வேண்டும் என்றார்கள். வேனை விற்றார்கள். வாங்கியவன் கையிலிருந்து பணம் நேரே மருத்துவமனைக்குப் போனது. அது வீட்டுப் படியைக்கூட மிதிக்கவில்லை. எட்டுத் திருகாணிகள் முதுகெலும்பில் ஏறின. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, வணிக வளாகம் ஒன்றின் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. பழைய வருமானத்தில் பாதிக்கும் குறைவு.

அந்த மருத்துவமனை நாள்களில்தான் அவர்களுடைய ஒரே மகள் கதிரியல் பிரிவின் வாசலிலேயே நின்று பழகினாள். தகப்பனின் முதுகெலும்பு திரையில் வெளிச்சமாக எழுந்து வருவதைப் பார்த்தாள். படம் எடுக்கிற பெண்ணிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் கதிரியல் தொழில்நுட்பப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்தது.

"ஊருல மத்தவங்க பிள்ளைங்க அப்பன் முகத்தப் பாத்து வளருதுங்க. என் பொண்ணு முதுகெலும்பப் பாத்து முன்னுக்கு வருது" என்று அவன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஓராண்டுக் கட்டணம் வாசலக்காவின் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம். அவள் எதையும் தன் மாதச் சம்பளத்தால் அளப்பவள் ஆகையால், நாமும் அப்படியே அளப்போம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அரசு கல்வி உதவித்தொகை வழங்கி வந்தது. அதே தெருவில் ஒரு தையற்காரர் மகனுக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு கிடைத்திருந்தது. நமக்கும் அவ்வளவு வரும், ஒன்பது மாதச் சம்பளம் அதில் கழியும், மீதி மூன்றை எப்படியாவது புரட்டிவிடலாம் என்பது குடும்பத்தின் திட்டம்.

விண்ணப்பத்தை வாசலக்காவே நிரப்பினாள். மகளுக்கு அப்போது நுழைவுத் தேர்வு. கணவன் மல்லாந்து படுத்திருந்தான். அவளுடைய கையெழுத்து அச்சுப்போல இருக்கும். முதல் பக்கத்தில், "இந்த ஆண்டில் குடும்பத்துக்கு வந்த தொகை அனைத்தையும் குறிப்பிடுக" என்றிருந்தது. அவள் குறிப்பிட்டாள். தன் சம்பளம், கணவன் வேன் ஓட்டிய மாதங்களின் வருமானம், வேன் விற்ற தொகை.

அன்று வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் கணவனின் தங்கை; எந்த விண்ணப்பத்தையும் வளைத்து எழுதுவதில் கைதேர்ந்தவள்.

"அந்த வேன் பணத்த எதுக்கு அண்ணி எழுதறீங்க? யாரு வந்து பாக்கப் போறா?"

"வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. வந்த வேகத்துல போச்சுல்ல?"

"போனது வேற கணக்கு. இங்க வந்ததைத்தான் கேட்டிருக்கான்."

"நல்லா எழுதுங்க. அடுத்து உங்களையே பணக்காரின்னு சொல்லி வரி கேப்பான்."

பின்பக்கத்தில், "தவிர்க்க இயலாத பெருஞ்செலவுகள் இருப்பின் சான்றுகளுடன் இணைக்க" என்றொரு கட்டம் இருந்தது. வாசலக்கா அதைப் படித்தாள், காலியாக விட்டாள். வந்ததை எழுதுவதோடு தன் வேலை முடிகிறது, போனதை எழுதுவதற்கு எங்கோ வேறொருவர் இருப்பார் என்ற பதினோரு ஆண்டுப் பழக்கம் அவளுடைய கையில் ஊறிப்போயிருந்தது. அதை ஒரு முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. தாளை அப்படியே மடித்து உறையில் இட்டாள்.

கடிதம் அந்த மாதம் இரண்டாம் தேதி வந்தது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு மாதச் சம்பளம். மீதி எட்டு மாதச் சம்பளத்தை இருபதாம் தேதிக்குள் கட்டத் தொடங்காவிட்டால் கல்லூரி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். விடுதிக் கட்டணம் தனி. அது இன்னொரு நான்கு மாதம். கையிருப்போ இரண்டு மாதம்.

மகள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து மேசைமீது வைத்தாள். அழவில்லை. அன்று மாலை கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சலவை நிலையத்துக்குப் போனாள். மறுநாள் காலையில் மேலாளர் பின்வாசலுக்கே வந்து நின்றபோதுதான் வாசலக்காவுக்குச் செய்தி தெரிந்தது.

"அக்கா, உங்க பொண்ணு வந்து கேட்டிச்சு. உருளையில ஒரு ஆள் குறையுது. வெச்சுக்கறேன். பதினஞ்சாம் தேதிக்குள்ள உறுதியா சொல்லிடுங்க, இல்லன்னா வேற ஆளு பாக்கணும்."

அன்றிரவுச் சாப்பாட்டின்போது மகள் தன் கணக்கைச் சொன்னாள். ஒரு வருஷம் வேலை செய்தால் இவ்வளவு சேரும், அம்மா சம்பளத்தில் இவ்வளவு ஒதுக்கினால் இவ்வளவு, அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பிழை எதுவும் இல்லாத கணக்கு.

"ஒரு வருஷந்தாம்மா."

வாசலக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "உருளைகிட்ட மூணு பேரு நிக்கறாங்க. ஒருத்தி வீடு மாறணும்னு ஆறு மாசத்துக்கு வந்தா. ஒருத்தி தம்பி படிப்பு முடியற வரைக்கும்னு வந்தா; தம்பிக்கு இப்ப தல நரைச்சுப் போச்சு. இன்னொருத்தி எதுக்கு வந்தான்னு அவளுக்கே மறந்துபோச்சு."

"நீங்க?"

"நான் மூணு மாசத்துக்குத்தான் வந்தேன்."

கணவன், "சங்கத்துல கேட்டுப் பாக்கறேன்" என்றான்.

அடுத்த ஒரு வாரம் அலைச்சல். வாகன ஓட்டுநர் சங்கத்தில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி ஒன்று இருந்தது. பதினான்கு ஆண்டுகள் தவறாமல் சந்தா கட்டியவன், வேன் விற்றதோடு நிறுத்தியிருந்தான். "வண்டியே இல்லாதவன் ஓட்டுநரான்னு நானே வெக்கப்பட்டு நிறுத்திட்டேன்" என்றான் செயலாளரிடம். செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "உரிமம் இருக்குல்ல? வண்டி இருக்கணும்னு எங்கயும் எழுதலையே. எட்டு மாச பாக்கியக் கட்டுங்க, உறுப்பினர்தான்" என்றார். பாக்கியைக் கட்டியதில் ஒரு மாதச் சம்பள அளவு நிதி உறுதியாயிற்று. ஆனால் அரையாண்டு கழித்துத்தான் கைக்கு வரும்.

வங்கியில் சொத்துள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்களில் சொத்துள்ளவர் சலவை நிலைய முதலாளி ஒருவரே. அந்தச் சொத்தும் அதே வங்கியில்தான் அடகில் இருந்தது. மேலாளர் முன்பணமாக ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் தர விதி இல்லை என்றார். நாத்தனார் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரைக் காட்டினாள். வட்டியைக் கேட்டுவிட்டு வாசலக்கா, "இந்த வட்டிக்குப் படிச்சா, அவ முதல்ல அவரைத்தான் படம் எடுத்துப் பாக்கணும், உள்ள இதயம்னு ஒண்ணு இருக்கான்னு" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

ஒன்பதாம் தேதி, சலவை நிலையத்தில் ஒரு தகராறு. மருத்துவமனை விரிப்புகளில் இருபத்திரண்டு குறைகிறது என்று முதலாளியிடமிருந்து கேள்வி வந்தது. மேலாளர் வாசலக்காவின் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். பின்னாலேயே அவளும் போனாள்.

"முந்நூத்தி நாப்பது வந்திருக்குன்னு இதுல தெளிவா இருக்கு. முந்நூத்திப் பதினெட்டுதான் மருத்துவமனைக்குப் போயிருக்கு. மீதி எங்கய்யா?"

ரசீது நிதானமாகத் தன் நோட்டை எடுத்தான். "இந்தாங்க. கிழிஞ்சு கழிச்சது இருபத்திரெண்டு. தேதி, நேரம், யாரு கழிச்சது, எல்லாம் இருக்கு. அந்தம்மா நோட்ட மட்டும் படிச்சா இந்தக் கட்டடத்துல எல்லாருமே திருடனுங்கதான் சார். என் நோட்டையும் சேத்துப் படிங்க."

மேலாளர் படித்தார், தலையாட்டிவிட்டுப் போனார். ரசீது வெற்றிச் சிரிப்போடு திரும்பினான். வழக்கமாக இந்த இடத்தில் வாசலக்கா ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுப்பாள். அன்று அவள் பேசாமல் நின்றாள்.

"என்னக்கா, வாயடைச்சுப் போச்சு?"

"நீ சொன்னதத் திருப்பிச் சொல்லு."

"எத?"

"என் நோட்ட மட்டும் படிச்சான்னு சொன்னியே."

அவன் திருப்பிச் சொன்னான். அவள் பின்வாசலுக்கு ஓடிப்போய்க் கைப்பையிலிருந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்துவந்தாள். முதல் பக்கத்தை அவனிடம் காட்டினாள். அவன் படித்தான். தாளைப் புரட்டினான். பின்பக்கத்தின் காலிக் கட்டத்தைக் கண்டதும் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"வேன் வித்தது ஏறியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனது?"

"எழுதல."

"ஏன்?"

"அது என் வேலை இல்லன்னு இருந்துட்டேன்."

ரசீது தலையிலடித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரிதான். அவங்க கணக்குல நீங்க இந்த வருஷம் ஒரு வேன் காச சுளையா வாங்கி வீட்டுல வெச்சிருக்கீங்க. உதவி இவ்வளவாவது கொடுத்ததே பெரிசு. ரசீதெல்லாம் இருக்கா?"

"இருக்கு. பெட்டியில."

"எல்லாமேவா?"

"வந்த காகிதத்த நான் எப்பவாவது தூக்கிப் போட்டிருக்கேனா?"

பதினோராம் தேதி விடுப்பெடுத்துக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்கு மகளோடு போனாள். வரிசைச் சீட்டு நூற்றுப் பதினாறு. மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த பிறகு, வட்டத் துளையிட்ட கண்ணாடிக்குப் பின்னே ஓர் அதிகாரி அவளுடைய எண்ணை அழைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, இன்னொரு மூக்குக்கண்ணாடியால் படிக்கிறவர். வாசலக்கா துணிப்பையிலிருந்து மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்துத் துளைக்குள் தள்ளினாள். கழித்துப்போட்ட விரிப்பிலிருந்து கிழித்த நாடாவால் பத்துப்பத்தாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின்மேலும் எண் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைச் செருகியிருந்தாள்.

"இது என்னம்மா, கட்டுக்கட்டா?"

"எண்ண வசதியா இருக்கும் சார்."

"நான் எண்ணறதில்ல. படிக்கறேன்." அவர் முதல் கட்டைப் பிரித்தார். "இதையெல்லாம் அப்பவே இணைச்சிருக்கலாமே. கேட்டிருக்குல்ல?"

"அது என் பக்கம் இல்லன்னு நினைச்சிட்டேன் சார்."

"விண்ணப்பத்துல உங்க பக்கம் எங்க பக்கம்னு எதுவும் கிடையாதும்மா. எல்லாம் உங்க பக்கந்தான்."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அறை வாடகை, மருந்து, அறுவைக் கட்டணம், மயக்க மருந்து நிபுணர். இருபது நிமிடங்கள் கழித்து நிமிர்ந்தார்.

"முதுகுல வெச்ச சாமானுக்கு ரசீது இல்லையே. பெரிய தொகையே அதுதான். அது எங்க?"

"அது முதுகுலதான் இருக்கு சார்."

அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தத் திருகாணிகளுக்கான பணத்தை அறுவைக்கு முதல்நாள் மாலையில் மருத்துவமனையின் வேறொரு சாளரத்தில் கட்டியிருந்தார்கள். அவசரத்தில் யாரும் ரசீது வாங்கவில்லை. ஆனால் அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சற்று இளகினார்.

"அத மட்டும் அஞ்சு நாளைக்குள்ள கொண்டுவாங்க. இல்லன்னா மறுபரிசீலனையில பெரிசா எதுவும் மாறாது. அப்புறம், இந்தச் சீட்டைக் கல்லூரி அலுவலகத்துல காட்டுங்க. மறுபரிசீலனை நடக்குதுன்னு முத்திரை போட்டிருக்கேன். இருபதாம் தேதியிலேருந்து முப்பது நாள் இடத்த வெச்சிருப்பாங்க. இது ரொம்பப் பேருக்குத் தெரியாது, கேக்கறதும் இல்ல."

மகள் அந்தச் சீட்டை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்தாள். வெளியே வந்ததும், "நாலாம் கவுண்டர்ல ஒரு அக்கா அழுதிட்டிருந்தாங்கம்மா, அவங்களுக்கும் இதேதான். நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று மறுபடியும் உள்ளே போனாள்.

மருத்துவமனையில் நகல் கேட்டு வாங்குவது எளிதான காரியம் அன்று. தொலைபேசியில் கேட்டால் நேரில் வரச் சொன்னார்கள். கணவன் நேரில் போனால் கணக்கர் விடுப்பு என்றார்கள். முன்வாசல் ரசீது வாரந்தோறும் வெளுத்த விரிப்புகளை அங்கே கொண்டு போகிறவன். இந்த வாரம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். விரிப்புகளை இறக்கிவிட்டு, வெறும் தள்ளுவண்டியோடு கணக்குப் பிரிவின் வரிசையில் போய் நின்றானாம். மாலையில் திரும்பி வந்து, வாசலக்காவின் மேசைமீது ஒரு தாளை வைத்தான்.

"முதல்ல தேதி தப்பாப் போட்டுக் கொடுத்தாங்க. திருப்பிட்டேன். அடுத்து முத்திரை இல்ல. அதையும் திருப்பிட்டேன். மூணாவதுல அண்ணன் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. நாலாவது தடவ அந்தப் பொண்ணே எழுந்து வந்து, 'ஐயா, இத நீங்களே படிச்சுப் பாத்துடுங்க, அப்புறமா முத்திரை போடறேன்'னுச்சு."

"உனக்கு என்ன கொடுக்கறதுன்னு தெரியலடா."

"தேநீர் வாங்கிக் கொடுங்க. ரசீதோட."

சான்று மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பதினைந்தாம் தேதியோ நாளை. மேலாளருக்கு என்ன பதில் சொல்வது?

இந்த இடத்தில் வீட்டில் மூவரும் மூன்று விதமாக இருந்தார்கள். உருளை வேலைக்குச் சேர்ந்துவிடுவோம், உதவித்தொகை கூடிவந்தால் விட்டுவிடலாம் என்றாள் மகள். அப்படிச் சேர்ந்துவிட்டு மூன்று வாரத்தில் ஓடினால் மேலாளரிடம் உனக்குத்தான் கெட்ட பெயர் என்றான் கணவன், மனைவியைப் பார்த்து. வாசலக்கா தன் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். உதவித்தொகை கூடாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவள் நன்றாகவே அறிந்திருந்தாள். கல்லூரியும் இராது, உருளையில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்திருக்கும், மகள் வீட்டில் இருப்பாள், அடுத்த ஆண்டுக்கு ஒரு காசும் சேர்ந்திருக்காது.

பதினைந்தாம் தேதி காலையில் முதல் மூட்டை வருமுன் அவள் மேலாளர் அறைக்குப் போனாள்.

"பொண்ணு வரமாட்டா சார்."

"காலேஜுக்குப் பணம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எந்த நம்பிக்கையில வேணாங்கறீங்க?"

"நம்பிக்கையெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்ல சார். ஆனா இங்க வந்துட்டா அவ நல்லாவே வேலை செய்வா. நீங்களே விடமாட்டீங்க. அதான்."

மேலாளர் மேசைமேலிருந்த தாளைத் தள்ளி வைத்தார். "அப்ப உங்களுக்கு ஞாயித்துக்கிழமை வேலை வேணுமா? சின்ன ஓட்டல்காரன் ஞாயித்துக்கிழமையும் துணி அனுப்பறேங்கறான். அரைநாள் வேலை, முழுநாள் கூலி" என்றார்.

"வேணும் சார்" என்றாள்.

மகளிடம் அன்று மாலையில் சொன்னபோது அவள், "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டா நீ வேலையில சேர்றேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

"இது நியாயமாம்மா?"

"இல்ல" என்று ஒப்புக்கொண்டாள் வாசலக்கா.

அடுத்த மாதம் ஏழாம் தேதி கடிதம் வந்தது. இம்முறை உறையைக் கணவன்தான் பிரித்தான். வாசலக்கா கையைத் துடைத்தபடி நின்றாள். வேன் விற்ற தொகையில் மருத்துவச் செலவு கழிக்கப்பட்டது. உதவித்தொகை மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தப்பட்டது. எதிர்பார்த்த முக்கால் பங்கு வரவில்லை. மருந்துச் சீட்டுகளில் சிலவற்றை, மருத்துவரின் கையொப்பம் இல்லை என்று தள்ளியிருந்தார்கள். ஆக, நான்கு மாதச் சம்பளம் குறைந்தது. கையிருப்பில் இரண்டு, சங்கத்தின் நிதியில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கூலி அரையாண்டில் இன்னொன்றாகும். கல்லூரி இரண்டு தவணைகளுக்கு இசைந்திருந்தது.

கணக்கு அவ்வளவோடு நின்றது. விடுதிக்கு அதில் ஒரு காசுகூட இடமில்லை. அதைப் பற்றி யார் முதலில் பேசுவது என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, கல்லூரியின் கட்டணச் சாளரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது, அதுவும் எழுத்தர் வாயிலிருந்து.

"முதல் தவணை ஆச்சு. விடுதிக்கும் இப்பவே கட்டறீங்களா?"

வாசலக்கா வாயைத் திறக்குமுன் மகள் குனிந்து துளைக்குள் சொன்னாள்: "விடுதி வேண்டாங்க. வீட்டுலேருந்தே வரேன்."

எழுத்தர் முகவரியைப் பார்த்தார். "அங்கேருந்தாம்மா? ரெண்டு பஸ் மாறணுமே. எட்டு மணிக்கு வகுப்பு."

"தெரியும். நேத்து வந்து பாத்துட்டுப் போனேன். அஞ்சே கால் பஸ்ஸப் பிடிச்சா ஏழே முக்காலுக்கு வந்துடலாம்."

"நாலு வருஷம்."

"ஆமாங்க" என்றாள் மகள். "சீட்ட அடிச்சுக் கொடுங்க."

முதல் தவணைச் சீட்டு இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது. அவள் அதைத் தாயிடம் கொடுத்தாள். வாசலக்கா பெயர், தேதி, தொகை, முத்திரை நான்கையும் சரிபார்த்துவிட்டு மடித்தாள். நேற்று மகள் பழைய தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்கவில்லை.

வகுப்பு தொடங்கிய முதல் திங்கட்கிழமை, விடியுமுன்னே வாசலக்கா எழுந்து மகளுக்குச் சாப்பாடு கட்டினாள். பேருந்து நிறுத்தம் ஒன்றரை கிலோமீட்டர். துணைக்குத் தான் போவதாகச் சொல்லிச் செருப்பைத் தேடியபோது, கணவன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டு வாயிற்படியில் நின்றிருந்தான். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

"நீங்க எதுக்குங்க? முதுகு என்ன ஆகும்?"

"டாக்டர் தினமும் நடக்கணும்னு சொல்லி எட்டு மாசமாகுது. எங்க போறதுன்னு தெரியாம சும்மா இருந்தேன்."

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுடைய நடைக்கு ஏற்ற வேகத்தில் கிளம்பினாள். தெருமுனை வரை இருவரும் மெதுவாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலக்கா உள்ளே திரும்பித் தன் சாப்பாட்டையும் கட்டத் தொடங்கினாள். அவளுடைய வேலை ஏழு மணிக்கு.